தை, மாசியில் மாடித்தோட்டத்தைக் காலி செய்துவிடலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் விளங்கும். தாம்பரம் பக்கம் மாடித்தோட்டம். புரட்டாசியில் வைத்த தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, பந்தல் அவரை எல்லாம் மழையைத் தாண்டி மார்கழி வரை காய்த்தன. தை பிறந்ததிலிருந்து தக்காளி இலையும் மிளகாய் இலையும் சுருண்டு நிற்கின்றன, அவரைக் கொழுந்தில் கருப்பாக ஏதோ அப்பிக்கொண்டிருக்கிறது, வெண்டை இலையில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. "எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆடிப்பட்டம் வரை பைகளை மடித்து வைத்துவிடலாமா, இல்லை நல்ல உரமாகப் போட்டால் தேறுமா?" என்று கேட்கிறீர்கள். உரத்தைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் உண்மையில் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இருக்கிற செடிகளில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது ஒன்று. கோடைக்கு எதை, எந்த நாளுக்குள் விதைப்பது என்பது இன்னொன்று. அவசரம் இரண்டாவதுக்குத்தான்.

தோட்டக்கலை படித்துவிட்டு நாற்றுப் பண்ணையில் நெடுநாள் வேலை பார்த்தவன் நான். இப்போது என் நேரத்தில் பாதி, மாடித்தோட்டக்காரர்களுக்கு யோசனை சொல்வதிலேயே போகிறது. எனக்குக் கைப்பழக்கம் உள்ளது சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று வடக்குக் கடலோரச் சமவெளிதான். கோவை, தருமபுரி, ஓசூர் பக்கம் இரவுக் குளிர் கொஞ்சம் நீடிக்கும் என்பதால் கீழே சொல்லும் நாட்களைப் பத்துப் பதினைந்து நாள் தள்ளிக்கொள்ளலாம். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தையில் உறைபனி விழுகிற இடத்துக் கணக்கே வேறு.

பைகளை மடிக்க வேண்டாம். நம் ஊரில் பனிக்காலம் தோட்டத்துக்கு ஓய்வுக்காலம் இல்லை, கோடைப் பயிருக்கு வேர் பிடிக்க வைக்கும் காலம். சென்னையில் ஜனவரியில் பகல் வெப்பம் சராசரியாக 30 டிகிரியை ஒட்டி நிற்கும், மே மாதம் அது 37-ஐத் தாண்டிவிடும். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. அந்த வெயிலைத் தாங்கப் போவது ஏற்கெனவே பை முழுக்க வேர் ஓடிய செடிதான். பங்குனிக் கடைசியில் முளைத்த செடி அந்தச் சமயத்தில் நான்கு இலையோடு தவித்துக்கொண்டிருக்கும். அதனால் விதைக்கிற நாளைச் சித்திரையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். வெண்டை விதைத்து 40, 45 நாளில் பூக்கும். தைக் கடைசியில் ஊன்றினால் பங்குனி நடுவில் காய் பறிக்கலாம், அக்னி நட்சத்திரம் வரும்போது முக்கால் மகசூலை எடுத்து முடித்திருப்போம். பங்குனிக் கடைசியில் ஊன்றினால் பூக்கிற நேரமும் உச்ச வெயிலும் ஒன்றாக வந்து சேரும். தை நடுவிலிருந்து மாசி முடியும் வரை, கிட்டத்தட்ட ஆறு வாரம், அவ்வளவுதான் கையில் இருக்கிறது.

இனி இருக்கிற செடிகளுக்கு வருவோம். தக்காளியில் இலை சுருண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னால் எதுவும் முடிவு செய்ய முடியாது, எந்த இலை சுருண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் நீளவாக்கில் மேல்நோக்கிச் சுருண்டு தொன்னை போல, தொட்டால் மொடமொடவென்று இருந்து, நுனிக் கொழுந்து மட்டும் இயல்பாக விரிந்தால் அது நோய் இல்லை. தண்ணீர் ஏற்ற இறக்கம், திடீர் வெயில், கிளைகளை அதிகம் கிள்ளியது இப்படி ஏதாவது காரணமாக இருக்கும். செடி காய்த்துக்கொண்டுதான் இருக்கும், விட்டுவிடலாம். ஆனால் நுனிக் கொழுந்தே சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கணுக்கள் நெருங்கிச் செடி குத்தாகக் குறுகிவிட்டால் அது இலைச்சுருள் வைரஸ். வெள்ளை ஈ பரப்புவது. அதற்கு மருந்து கிடையாது. உரமோ, பஞ்சகவ்யாவோ, கடையில் விற்கும் எந்தக் குப்பியோ வைரஸ் வந்த செடியைத் திருப்பாது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பிடுங்குங்கள், அதையும் விடியற்காலையில் செய்யுங்கள். குளிரில் வெள்ளை ஈ மந்தமாக இருக்கும். செடியை உலுக்காமல் ஒரு பிளாஸ்டிக் பையால் மேலிருந்து மூடி, அடியில் அறுத்து, அப்படியே கட்டி வெளியேற்றிவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு பிடுங்கினால் வெள்ளை ஈ கூட்டமாக எழுந்து பக்கத்துப் பைக்குப் போய் உட்காரும்.

மிளகாய் வேறு விஷயம். இங்கே சுருளும் திசைதான் துப்பு. இலை ஓரங்கள் மேல்நோக்கி மடங்கிப் படகாக நின்றால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை சுண்டிப்போனால் மஞ்சள் முரணைச் சிலந்தி, அதாவது மைட் எனப்படும் நுண்ணிய உயிர். இரண்டுமே கண்ணுக்குச் சட்டென்று தெரியாதவை. ஒரு வெள்ளைத்தாளைக் கொழுந்துக்கு அடியில் பிடித்து நான்கு தட்டுத் தட்டுங்கள், இலைப்பேன் இருந்தால் நூல்துண்டு மாதிரி ஒல்லியாக நகர்வது தெரியும். வேறுபாடு எதற்கென்றால், இலைப்பேனுக்கு அடிக்கிற பூச்சிக்கொல்லிகளில் பல சிலந்தியை ஒன்றும் செய்யாது. சிலந்தி பூச்சி இனமே இல்லை. பூச்சிக்கொல்லி சிலந்தியின் எதிரிகளைக் கொன்று சிலந்தியைப் பெருக்கிவிடுவதும் உண்டு. ஆரம்ப நிலையில் இரண்டுக்கும் பொதுவாகச் செய்யக்கூடியது, பாதிக்கப்பட்ட நுனிகளைக் கிள்ளிவிட்டு, லிட்டருக்கு 3 முதல் 5 மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் நன்றாகக் கலந்து, சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனைய அடிப்பது. வாரம் ஒருமுறை, மூன்று முறை. வெயிலில் அடித்தால் இலை கருகும். முற்றிவிட்ட செடியில் வேப்பெண்ணெய் எவ்வளவு காப்பாற்றும் என்பது செடிக்குச் செடி மாறும், உறுதி சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் சுருண்ட செடியைக் கவாத்து செய்து, வரும் புதுத் தளிரைக் காப்பாற்றுவதே சுலபம்.

அவரைக் கொழுந்தில் அப்பியிருப்பது அசுவினி. குளிர்ந்த, வறண்ட தை மாசத்தில் அவரை, காராமணி, மொச்சை எல்லாவற்றிலும் வரும். எறும்பு மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். அதை ஒரு தரம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். எறும்பு ஒவ்வொரு அசுவினியாக உணர்கொம்பால் தட்டும், அது பின்பக்கத்திலிருந்து ஒரு சொட்டு இனிப்பு நீரை விடும், எறும்பு குடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகும். இந்த வரும்படிக்காக எறும்பு அசுவினியின் எதிரிகளை விரட்டியடிக்கும். அதனால் எறும்பை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. பந்தல் கம்பிலும் கயிற்றிலும் பழந்துணியை விளக்கெண்ணெயில் நனைத்துச் சுற்றிவிடலாம். ஹோஸில் தண்ணீரைக் கொஞ்சம் வேகமாகப் பீய்ச்சி அசுவினியை உதிர்த்துவிட்டாலே பெரும்பாலும் ஏறி வராது. அதற்கு முன் அந்தக் கூட்டத்துக்குள் கரும்பழுப்பில் முதலை வடிவத்தில் சின்னப் புழுக்கள் திரிகின்றனவா என்று பாருங்கள். அவை பொறிவண்டின் குஞ்சுகள். இருந்தால் ஒன்றும் அடிக்காதீர்கள். அவரைக்கு எப்படியும் மாசியோடு ஆயுள் முடியப் போகிறது.

வெண்டையின் வெள்ளைப் பொடி சாம்பல் நோய். பகலில் சூடு, இரவில் பனி என்ற இந்தப் பருவத்துக்கே உரியது. செடி மூப்படைந்திருந்தால் பிடுங்குவது மேல், வெண்டையைப் புதிதாக விதைக்கத்தான் போகிறோம். இளஞ்செடியாக இருந்தால் ஒன்றுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்த பாலை வாரம் ஒருமுறை அடித்துப் பார்க்கலாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பிரேசிலில் சுக்கினிச் செடிகளில் முறையாகச் சோதித்து 1999-இல் வெளியிட்ட முடிவு இது. புளித்த மோரை நம் விவசாயிகள் வெகுகாலமாக அடித்துவருகிறார்கள். அதுவும் வேலை செய்வதாகத்தான் என் அனுபவம், ஆனால் அளவு எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நனையும் கந்தகம் உறுதியாகக் கேட்கும், லிட்டருக்கு 2 கிராம். ஆனால் பாகல், வெள்ளரி வகைக் கொடிகளில் கந்தகம் இலையைக் கருக்கும், கடும் வெயிலிலும் கூடாது, வேப்பெண்ணெய் அடித்த ஒன்றிரண்டு வாரத்துக்குள்ளும் கூடாது.

கத்தரியைப் பிடுங்கவே வேண்டாம். புரட்டாசிக் கத்தரிக்குத் தை என்பது நடு வயதுதான். தரையிலிருந்து ஒரு அடி விட்டு மேலே உள்ள கிளைகளைக் கூர்மையான கத்தரியால் வெட்டிவிட்டு, பையின் மேல் மண்ணை இரண்டு அங்குலம் கிளறி எடுத்துவிட்டு மண்புழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் போட்டு மூடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கணுவுக்குக் கணு தளிர் வரும், பங்குனியில் மறுபடி காய்க்கும். வெட்டிய கிளைகளைத் தோட்டத்தில் போட்டு வைக்கக் கூடாது, தண்டுத் துளைப்பான் புழு உள்ளே இருக்கும். இலைகள் எல்லாம் சிறுத்துப் புதர் மாதிரி நெருங்கிப்போன கத்தரி மட்டும் விலக்கு. அது சிற்றிலை நோய், தத்துப்பூச்சி பரப்புவது, வெட்டினாலும் அதே சிற்றிலைதான் வரும். எடுத்துவிடுங்கள்.

நீங்கள் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், மாசியில் வந்துவிடும் என்பதால். மாவுப்பூச்சி. வறண்ட சூடு ஏற ஏறப் பெருகும். பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும் முதல் இரண்டு மூன்று கூட்டங்களைப் பழைய பல்துலக்கியால் சோப்புத் தண்ணீரில் தேய்த்து எடுத்துவிட்டால் போதும். அடிக்கடி கண்ணில் பட வேண்டிய இடங்கள் மிளகாய்க் கணு, செம்பருத்தி நுனி, பப்பாளிக் காம்பு. 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாக வந்து, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாடு முழுக்கச் சூறையாடியது பலருக்கு நினைவிருக்கும். அதை மருந்தால் அடக்க முடியவில்லை. 2010-இல் ப்யூர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த, அசிரோபேகஸ் என்ற கடுகளவுகூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவியை விட்ட பிறகுதான் அடங்கியது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கும் குளவி அது. கண்டதும் கடைக்குப் போய்க் கடுமையான மருந்து வாங்கி அடிக்காதீர்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்த மாதிரி உயிர்களும் ஒரு காரணம்.

சரி, உரம். மழைக்காலம் முடிந்த பையில் இருப்பது பெரும்பாலும் சத்து வடிந்த மண். வடகிழக்குப் பருவமழையில் சென்னைப் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறது. அடித்துளை வழியாகப் போவது வெறும் தண்ணீர் இல்லை, தழைச்சத்தும் அதோடு போகிறது. அதனால் பழைய பையில் அப்படியே விதை ஊன்றினால் மஞ்சளாகத்தான் வளரும். பையைக் கவிழ்த்துக் கொட்டிக் கட்டிகளை உடைத்து, மூன்று நான்கு நாள் வெயிலில் பரப்பி, மூன்றில் ஒரு பங்கு நன்றாக மக்கிய எருவோ மண்புழு உரமோ சேர்த்து, பைக்கு ஒரு பெரிய கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போட்டு, ஈரமாக்கி ஒரு வாரம் வைத்திருந்து விதைப்பதுதான் நான் செய்வது. தென்னை நார்க்கழிவு அதிகமுள்ள கலவை என்றால் ஒரு எச்சரிக்கை. மக்காத நார்க்கழிவில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் நூறு பங்குக்கு மேல். அது மக்கும்போது செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். மக்கவைத்ததில் இது 24-க்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். வாங்கும்போது மக்கியதா என்று கேளுங்கள். கரும்பழுப்பாக, மண்வாசனையோடு இருக்க வேண்டும். கட்டியாக விற்பதை ஊறவைத்து இரண்டு தரம் அலசிக் கொட்டிவிட்டுத்தான் கலக்க வேண்டும், உப்பு இருக்கும்.

பையைக் கவிழ்க்கிறபோது வேரைப் பார்க்க மறக்காதீர்கள். இதை யாரும் செய்வதில்லை. தக்காளி, கத்தரி, வெண்டை வேர்களில் மணி மணியாக வீங்கிய முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. இவ்வளவு நாள் செடி மதியத்தில் வாடி வாடி நின்றதற்கும், உரம் போட்டும் தேறாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அந்த மண்ணில் மறுபடி வெண்டை, கத்தரி, கொடிக்காய் வேண்டாம். துலுக்கச் சாமந்தியைப் போட்டுவிடுங்கள், அல்லது பங்குனி சித்திரையில் அந்த மண்ணைக் கண்ணாடித்தாளால் மூடி வெயிலில் வேகவிடுங்கள். அவரை வேரிலும் முடிச்சுகள் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நகத்தால் தள்ளினால் தனியாக உதிர்ந்துவிடும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வைக்கும் முடிச்சு அது. நூற்புழு முடிச்சு வேரோடு வேராக வீங்கியிருக்கும், தனியாகக் கழலாது. அவரையை மட்டும் வேரோடு பிடுங்காமல் தரையோடு அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே மக்க விடலாம்.

முட்டை ஓடு, வாழைப்பழத்தோல், எப்சம் உப்பு, டீத்தூள் இவற்றைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முட்டை ஓட்டில் சுண்ணாம்புச் சத்து இருப்பது உண்மை, ஆனால் நொறுக்கிப் போட்ட ஓடு கரைய ஆண்டுக்கணக்காகும். தக்காளியின் அடி கருத்து அழுகுவதைப் பார்த்து ஓட்டைப் போடுகிறார்கள். அது பெரும்பாலும் தண்ணீர் ஒருநாள் அதிகம், ஒருநாள் இல்லை என்று போவதால் வருவது. தண்ணீரைச் சீராக்கினால் அடுத்த காய் சரியாகிவிடும். எப்சம் உப்பு மெக்னீசியம் குறைவாக இருந்தால் மட்டுமே உதவும். பஞ்சகவ்யாவை நூறு லிட்டருக்கு மூன்று லிட்டர் என்ற அளவில் அடித்த செடிகள் செழிப்பதை நானே பார்த்திருக்கிறேன், ஆதரவான சோதனைகளும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொருவர் வீட்டுப் பானையிலும் தயாராவது ஒரே பொருள் இல்லை என்பதால் இவ்வளவு பலன் வரும் என்று கணக்குச் சொல்வது சரியாக இருக்காது. எருவுக்கு மாற்றாக அதை நினைக்காதீர்கள், மேலதிகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விதைப்பு. வெண்டை, கொத்தவரை, காராமணி மூன்றும் கோடையை உண்மையாகவே தாங்குபவை, தைக் கடைசி முதல் மாசிக்குள் ஊன்றிவிடுங்கள். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல்தான் கோடையின் பெரிய தொல்லை, அதுவும் வெள்ளை ஈ வேலை. நோய் தாங்கும் ரகமாக வாங்குங்கள். பெங்களூரு ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா வந்த புதிதில் மிக நன்றாகத் தாங்கியது, இப்போது பல இடங்களில் அதற்கும் வருகிறது. அதனால் ரகத்தை மட்டும் நம்பாமல், மஞ்சள் ஒட்டுப்பொறியைச் செடி நுனிக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள், தேமல் தெரிந்த முதல் செடியை அன்றே எடுத்துவிடுங்கள். கத்தரி, மிளகாய் நாற்றுக்குத் தை சரியான மாதம், 30, 35 நாளில் பிடுங்கி நடலாம். வேலூர்ப் பக்கத்து எலவம்பாடி முள்ளு கத்தரி கிடைத்தால் ஒரு பை போட்டுப் பாருங்கள், சுவைக்காகவே சொல்கிறேன். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரைக்கு வெயில் பிடிக்கும், பதினைந்து நாளுக்கு ஒரு பை என்று தூவிக்கொண்டே போகலாம். பாலக்கும் கொத்தமல்லியும் தையோடு கடைசி. மாசியில் போட்டால் இலை விடுவதற்கு முன்பே பூக்க ஓடும். கேரட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பீட்ரூட் இனி சமவெளியில் வேண்டாம்.

தக்காளி? சூதாட்டம்தான். இரவு வெப்பம் 21, 22 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்தால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரத் தொடங்கும். சென்னையில் மார்ச் இரவே அதைத் தாண்டிவிடுகிறது. ஓசூர், கிருஷ்ணகிரியில் மாசி நடவு நன்றாக வருகிறது என்பதைப் பார்த்து நாமும் நடுகிறோம், ஏப்ரலில் இலை மட்டும் பார்க்கிறோம். ஆசை விடவில்லை என்றால் குட்டித் தக்காளி போடுங்கள், அது கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அவரையும் இப்போது வேண்டாம். பந்தல் அவரையின் பழைய ரகங்களும் சிறகவரையும் பகல் பொழுது சுருங்கினால்தான் பூக்கும். இப்போது விதைத்தால் பகல் நீண்டுகொண்டே போகிற மாதங்களில் கொடி மட்டும் ஓடும், பூவுக்கு ஐப்பசி கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். குத்து அவரைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வளர்பிறையில்தான் விதைக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை, வளர்பிறைக்காகக் காத்திருந்து தையைத் தவறவிட்டவர்களை மட்டும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கொடிக்காய்களுக்கு இது பொன்னான நேரம். பாகல், புடலை, பீர்க்கன், சுரை, வெள்ளரி எதுவானாலும் விதையை ஓர் இரவு ஊறவைத்து நேரடியாகப் பையிலேயே ஊன்றுங்கள். இவற்றின் வேருக்கு இடம் மாற்றம் பிடிக்காது. நாற்றாக்கித்தான் ஆக வேண்டும் என்றால் காகிதக் குவளையில் வளர்த்து மண் உதிராமல் இறக்க வேண்டும். சுரை, பூசணிக்கு ஒரு செடிக்கு ஒரு பெரிய தொட்டி, பாதியாக வெட்டிய டிரம் அளவாவது வேண்டும். சின்ன வாளியில் வளரும் சுரை ஏப்ரலில் காலையில் ஊற்றிய தண்ணீரை மதியத்துக்குள் தீர்த்துவிட்டு இலையைத் தொங்கப்போடும். முதலில் வருவதெல்லாம் ஆண் பூவாகவே இருக்கும், பதற வேண்டாம். ஒன்றிரண்டு வாரம் கழித்து அடியில் குட்டிக் காயோடு பெண் பூ வரும். அந்தக் குட்டிக் காய் மஞ்சளாகி உதிர்ந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். மாடியில் இது அடிக்கடி நடக்கும். பூசணி, பாகல், வெள்ளரி காலையில் பூப்பவை, தேனீ வந்தால் வேலை முடிந்தது. சுரையும் பீர்க்கனும் சாயங்காலம் பூக்கும், புடலை இருட்டிய பிறகு. அவற்றுக்கு அந்திப்பூச்சிதான் வர வேண்டும், நான்காவது மாடியில் அது வருவது அரிது. ஆண் பூவைப் பறித்து இதழ்களைப் பின்னால் மடித்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் தண்டைப் பெண் பூவின் முடியில் மெதுவாகத் தேய்த்தால் போதும். சுரைக்குச் சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்தில் செய்யுங்கள். மறுநாள் காலையில் செய்து பலனில்லை என்பவர்கள் பாதிப் பேர் நேரத்தைத்தான் தவறவிட்டிருப்பார்கள்.

பைகளை எங்கே வைப்பது என்பதை மாற்றி யோசிக்க வேண்டிய மாதமும் இதுதான். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடும். அப்போது தெற்குப் பக்கத்து மூன்றடிக் கைப்பிடிச் சுவர் நண்பகலில் இரண்டடிக்குச் சற்று அதிகமாக வடக்கே நிழல் போடும். அந்த நிழலில் கீரை நன்றாக இருந்திருக்கும். ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் வரும், அன்றைக்கு நண்பகலில் சுவருக்கு நிழலே இருக்காது. அதனால் தை நிழலை நம்பிப் பையை வைக்காதீர்கள். சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கே நிழல் விழும் என்று யோசியுங்கள். மேற்குப் பக்கம் சுவரோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் அதன் கிழக்கு ஓரம்தான் கோடையில் நல்ல இடம். நிழல்வலையை இப்போதே கட்டிவிட வேண்டாம், கொடிகளுக்கு இந்த வெயில் தேவை. கம்பிகளை மட்டும் நட்டுத் தயாராக வைத்துக்கொண்டு பங்குனி நடுவில் 50 சதவீத வலையை ஏற்றலாம். அதற்கு மேல் அடர்த்தியான வலையில் செடி உயிரோடு இருக்கும், காய்க்காது.

மூடாக்குக்கு இலை சேர்ப்பதற்கும் இதுவே காலம். போகியன்று எரிக்கிற குப்பையைப் பார்த்தால் எனக்கு வயிறும் சேர்ந்து எரியும். தை, மாசியில் வேம்பு, புங்கன், அரசு எல்லாம் இலை உதிர்க்கும். தெருக்கூட்டுகிறவர்களிடம் சொல்லி வைத்தால் சாக்குச் சாக்காகக் கிடைக்கும். பங்குனியில் ஒவ்வொரு பையிலும் இரண்டு அங்குலம் பரப்பினால் தண்ணீர் தேவை கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். தண்டை ஒட்டி மட்டும் போடாமல் ஒரு விரல் இடம் விடுங்கள். இப்போதைக்குத் தண்ணீரைக் குறைவாகவே ஊற்றுங்கள். தையில் மேல்மண் காய்ந்து தெரிந்தாலும் விரலை இரண்டு கணு உள்ளே விட்டால் ஈரம் இருக்கும். மழைக்காலப் பழக்கத்தில் இலைமேல் பூவாளியால் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள், இலைகள் ஏற்கெனவே பனியில் நனைந்துதான் இருக்கின்றன.

விதை எடுக்க இதைவிட வசதியான காலம் கிடையாது, காற்றில் ஈரம் குறைவு. அவரைக் கொடியை அறுப்பதற்கு முன் நல்ல காய்களைக் கொடியிலேயே முற்றிக் காய விடுங்கள். கத்தரியில் ஒன்றிரண்டு காயை மஞ்சளாகிப் பழுக்க விடலாம். தக்காளி விதையை அதன் சாறோடு ஒன்றிரண்டு நாள் புளிக்கவைத்து அலசிக் காயவைத்தால் அந்த வழவழப்பு போய்விடும். வீரிய ஒட்டு ரகமாக வாங்கியவற்றில் விதை எடுக்காதீர்கள், அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. கொடிக்காய்களில் ஒரே இனத்தில் இரண்டு ரகம் வைத்திருந்தால் கலந்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

உங்கள் மிளகாயைப் பற்றி மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. சுருள் மேல்நோக்கியா, கீழ்நோக்கியா என்று நீங்கள் எழுதவில்லை. வெள்ளைத்தாளில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அதற்குள் எதையும் அடித்துவிட வேண்டாம். அது எப்படியிருந்தாலும் பாகல், புடலை விதைகளை இன்று இரவே ஊறவைக்கலாம். பொங்கலுக்குப் பானையில் கட்டிய மஞ்சள் கொத்து வீட்டில் இன்னும் கிடந்தால், இலையை நறுக்கிவிட்டுக் கிழங்கை மட்டும் நிழலில் உலர்ந்த மணலில் போட்டு வையுங்கள். வைகாசியில் முளை கட்டும், அப்போது ஒரு பையில் நட்டுக்கொள்ளலாம்.